அண்ணாச்சி, எத்தனாவது வந்திய?

எந்த ஊருக்குப் போய் ஓடிவிட்டு வந்தாலும் பாளையங்கோட்டையில் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணாச்சி, எத்தனாவது வந்திய?" டீக்கடையில் கேட்பார்கள், ஆபீசில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்து நிற்கும்போது கேட்பார்கள். மும்பையில் முழு மாரத்தான் ஓடிவிட்டு வந்த வாரம் பெரியம்மா கேட்டாள், "ஏல, மூணுக்குள்ள வந்தியா?" இல்லை என்றேன். "பொறவு எதுக்குல அம்புட்டுத் தூரம் ரயிலேறிப் போன?" என்றாள். அடுத்த கேள்வி எப்போதும் துட்டைப் பற்றியது. எவ்வளவு குடுத்தாவ? அவர்கள் தரவில்லை, நான்தான் கட்டினேன் என்று சொன்னதும் பேச்சு அப்படியே நின்றுவிடும். துட்டைக் கட்டி, லீவு போட்டு, லாட்ஜில் ரூம் எடுத்து, கோழி கூவுமுன் எழுந்து 42 கிலோமீட்டர் ஓடி, கழுத்தில் ஒரு வில்லையை மாட்டிக்கொண்டு வருகிறவனிடம் அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவர்களுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஓடுகிறவர்கள் கூடும் வாட்ஸப் குழுக்களில் இது பழைய நகைச்சுவை. யாராவது ஒருவர் தன் வீட்டில் இப்படிக் கேட்டார்கள் என்று எழுதினால் போதும், சிரிக்கும் மூஞ்சிகள் வரிசையாக வந்து விழும். கூடவே, 'ஓடி முடித்த எல்லோரும் ஜெயித்தவர்களே', 'உன் போட்டி உன்னோடுதான்' என்று சூரிய உதயப் படத்தின் மேல் எழுதிய வாசகங்கள். எனக்கு இந்தச் சிரிப்பில் சேர மனம் வருவதில்லை. பெரியம்மா கேட்டதில் என்ன குறை? ஆனித் தேரோட்டத்துக்குப் போய்விட்டு வந்தவனிடம் தேர் நிலைக்கு வந்துவிட்டதா என்று கேட்பது போலத்தான் அது. பந்தயம் என்று சொல்லிவிட்டு, நெஞ்சில் நம்பரும் குத்திக்கொண்டு போனவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? அதே சமயம், பெரியம்மாவுக்கு என்னிடம் பதிலும் இல்லை. ஆயிரக்கணக்கில் ஓடும் கூட்டத்தில் நாலாயிரத்துச் சொச்சமாவது ஆளாக வந்ததை எந்த முகத்தோடு சொல்வது?

இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். காலை ஐந்தேகாலுக்கு அண்ணா ஸ்டேடியத்துக்கு வந்து பாருங்கள். என்னைப் போலத் தொப்பை குறைய ஓடுகிறவர்கள், சர்க்கரைக்காக நடக்கிறவர்கள் எல்லாம் ஓரத்தில். நடுவில் ஓடுகிற பையன்கள் காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகிறவர்கள். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடியாக வேண்டும். ராணுவத்தில் 1.6 கிலோமீட்டர், அங்கே நேரம் இன்னும் இறுக்கம். நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்துக்கொண்டு, பகலில் ஏதாவது கடையில் நின்று, காலையிலும் சாயங்காலமும் ஓடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு நொடி என்பது ஒரு வேலை. அதில் ஒருவன் என் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டான்: "சார், 21 கிலோமீட்டரை ரெண்டு மணி நேரத்துல ஓடுனா என்ன வேலை குடுப்பாவ?" வேலையில் இருக்கிறவர்கள்தான்டே அதை ஓடுவார்கள் என்றேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சும்மாதானா" என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டான்.

சும்மா ஓடிய ஊர்கள்

அவன் சொன்ன அந்தச் சும்மா ஓட்டத்துக்காக நான் நிறையச் சுற்றியிருக்கிறேன். முதலில் சென்னை. ஜனவரி மாதம், இருட்டில் நேப்பியர் பாலத்தில் நின்றபோது நான் பெரிய தெம்போடுதான் இருந்தேன். ஆனி, ஆடியில் மேலப்பாளையம் தாண்டித் தருவை, பத்தமடை என்று அம்பை ரோட்டில் ஓடிப் பழகியவனுக்குக் கடற்கரைச் சாலை என்ன பெரிது? அந்த மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று போகும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளும், திரும்பும்போது முதுகில் தள்ளும். வேர்த்தது தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து பனியனைக் கழற்றினால் உப்பு மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். சென்னையில் அந்தக் கதையே இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாவதில்லை. வியர்வை ஆவியானால்தானே உடம்பு குளிரும்? அது வெறுமனே வழிந்து ஷூவுக்குள் இறங்குகிறது. வேகத்தைக் கூட்டாமலே இதயத் துடிப்பு ஏறிக்கொண்டு போகிறது. அடையாறு வருவதற்குள் ஷூ சளக் சளக்கென்று நாற்றங்காலில் நடக்கிற சத்தம் போட்டது. விடியுமுன்னே ஓட்டத்தை ஆரம்பித்துவிடுவது ஏன் என்று அன்றைக்கு விளங்கியது. முழு மாரத்தான்காரர்களை அங்கே நாலு மணிக்கே விட்டுவிடுகிறார்கள்.

மும்பை வேறு உலகம். பாதி மாரத்தான் மாஹிமில் ஆரம்பித்து பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தின் மேல் போகிறது. மற்ற நாட்களில் அந்தப் பாலத்தில் காலால் நடக்க அனுமதி கிடையாது, பைக் கூடப் போக முடியாது. முழு மாரத்தான் கிளம்புவது சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் முன்னாலிருந்து. அதில் எல்லோரும் பயப்படுவது பெட்டர் ரோடு ஏற்றத்துக்கு. சும்மா பார்த்தால் அது ஒரு ஏற்றமே இல்லை. பாபநாசத்தில் அகஸ்தியர் அருவிக்கு ஏறிய எவனும் அதைப் பார்த்துச் சிரிப்பான். ஆனால் திரும்பி வரும்போது அது வருகிற இடம் பொல்லாத இடம், 30 கிலோமீட்டரெல்லாம் தாண்டி. உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் கொழுப்பை எரித்து ஓட வேண்டும், அது மெதுவாகத்தான் எரியும். தலை போ என்கிறது, தொடை கேட்க மாட்டேன் என்கிறது.

அந்த ஏற்றத்தில்தான் மும்பைக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஆரஞ்சுச் சுளை, உப்பு, வேகவைத்த உருளைக்கிழங்கு, பிஸ்கட். வயதான ஒரு அம்மா எவர்சில்வர் தட்டில் கடலை மிட்டாயை உடைத்து வைத்துக்கொண்டு நின்றார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் பக்கத்தில் கூட அது நிற்காது, ஆனால் அந்த நேரத்தில் அதை மறுக்க எவனுக்கும் துணிச்சல் வராது. சின்னப் பிள்ளைகள் கையை நீட்டுகின்றன, தட்டிவிட்டுப் போக வேண்டும். நம் நெஞ்சில் ஒட்டியிருக்கும் பேரைப் படித்துச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். என் பேரை அவர்கள் உச்சரித்த விதத்தில் நானே ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். எத்தனையாவது ஆள் இவன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எங்கள் தருவை பஸ் ஸ்டாப்பிலும்தான் காலையில் ஆட்கள் நிற்பார்கள். "என்ன அண்ணாச்சி, ஆரும் வெரட்டுதாவளா?" என்பதுதான் அங்கே கிடைக்கும் உற்சாகம். பல நாட்களில் பதில் ஆமாம் என்பதுதான், நாய்.

ஆரோவில்லில் இதை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிப்ரவரி மாதம், செம்மண் காட்டுப் பாதை. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது, நேரமும் குறிப்பதில்லை. ஓடுகிற சந்தோஷத்துக்காக ஓடு என்பது அவர்கள் கொள்கை. கொள்கை நல்லதுதான். ஆனால் முடிவுக் கோட்டில் ஒரு ஐந்து நிமிஷம் நின்று வேடிக்கை பார்த்தேன். கோட்டைத் தாண்டிய அத்தனை பேரும் முதலில் செய்தது தண்ணீர் குடித்தது இல்லை, கைக்கடிகாரத்தின் பொத்தானை அமுக்கியது. நானும்தான். யாரும் எண்ணாவிட்டால் நாமே எண்ணிக்கொள்கிறோம். அப்படியென்றால் வாட்ஸப்பில் என்ன இவ்வளவு சிரிப்பு?

கரிநாள் ஓட்டம்

சேரன்மாதேவிப் பக்கம் ஒரு கிராமம், பேர் வேண்டாம். பொங்கலுக்கு மறுநாள், கரிநாளன்று, இளைஞர் சங்கத்தில் விளையாட்டுப் போட்டி நடத்துவார்கள். உறியடி, கோலம், இசை நாற்காலி, கடைசியில் மாரத்தான். எங்கள் பக்கத்தில் ரோட்டில் ஓடினாலே அதற்கு மாரத்தான் என்று பேர், தூரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். 42.195 இல்லையே என்று நான் ஒருமுறை ஆரம்பித்தேன், "அது ஒங்களுக்கு" என்று முடித்துவிட்டார்கள். நியாயம்தான். அந்த 42.195-ம் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ராஜ குடும்பத்தின் வசதிக்கு நீட்டிய தூரம் என்றுதானே சொல்கிறார்கள். கோயில் வாசலில் ஆரம்பித்து, கன்னடியன் கால்வாய் மடை வரை போய்த் திரும்ப வேண்டும். முதல் பரிசு எவர்சில்வர் அண்டா, இரண்டாவது குடம், மூன்றாவது வாளி. மற்றவர்களுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாழைப்பழமும், அதுவும் கையில் கோடு இருந்தால்.

அந்தக் கோடு போடுகிற வேலையைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். மாரத்தான் ஓடுகிற அண்ணாச்சி என்ற மரியாதைக்கு ஒரு ஸ்டூல், ஒரு கறுப்பு மார்க்கர் பேனா, துணைக்கு பைக்கில் ரெண்டு பையன்கள். மடைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், திரும்புகிற ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு கோடு இழுக்க வேண்டும். இல்லையென்றால் பாதி வழியில் வயலுக்குள் இறங்கி வரப்பு வழியாகக் குறுக்கே போய்விடுவார்கள். சுற்றிலும் பிசான நெல் இடுப்புயரம் நின்றது, குனிந்து போனால் யாருக்கும் தெரியாது.

முதலில் வந்த மூன்று பேரும் வெறுங்கால். நிற்கவே இல்லை. ஸ்டூலைச் சுற்றி வளைந்துகொண்டே கையை நீட்டினார்கள், நானும் கூடவே ரெண்டு எட்டு ஓடித்தான் கோட்டை இழுத்தேன். அப்புறம் வந்தது ஒரு படை. "எனக்கு, எனக்கு" என்று பத்துப் பதினைந்து கைகள் ஒரே சமயம். வேர்த்த கையில் மை பிடிக்கவில்லை. உள்ளங்கைக்குப் பதில் மணிக்கட்டில், முழங்கையில், ஒருவனுக்கு நம்பர் காகிதத்தின் மேலேயே கோடு விழுந்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. ஊருக்குள் பரிசளிப்பு ஆரம்பித்துவிட்டது என்று குழாய் ரேடியோவில் கேட்டது. கூட இருந்த ரெண்டு பையன்களும் அதைக் கேட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் ஸ்டூலைத் தூக்கிக் கடன் வாங்கிய மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பையன் வந்தான். எட்டாவது படிப்பான் என்று தோன்றியது. அண்ணனுடைய பனியனாக இருக்கும், முழங்கால் வரை தொங்கியது. பத்தடி ஓடுவதும் பத்தடி நடப்பதுமாக வந்தான். "ஏ தம்பி, பரிசெல்லாம் குடுத்துக்கிட்டு இருக்காவ. அந்தா வரப்பு வழியாக் குறுக்க போயிரு, வெரசாப் போயிரலாம்" என்றேன். அவன் என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினான். "கோடு போடுங்க சார்." பேனாவை எடுத்து இழுத்தேன், பாதிதான் வந்தது. கையை இழுத்துக்கொண்டு டவுசரில் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினான். இந்தத் தடவை முழுக் கோடு விழுந்தது. அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கெட்டியாப் போடுங்க சார், போறதுக்குள்ள அழிஞ்சிரும்" என்றான். அதே கோட்டின் மேல் இன்னும் ரெண்டு தடவை இழுத்தேன். விரலை மடக்காமல் கையை விரித்தபடியே, வந்த ரோட்டிலேயே திரும்பி ஓடினான்.

பிஸ்கட்டுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு நான் முன்னால் போய்விட்டேன். அவன் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பிஸ்கட் தீர்ந்திருந்தது. சங்கத் தலைவர் அவன் கையைப் பார்த்துவிட்டு, "பழம் இருக்கு, ரெண்டா எடுத்துக்கோ" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். அத்தனை வருஷமாக என்னைக் கேட்டதையே அவனைக் கேட்டேன்: "எத்தனாவதுடே வந்த?" வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, கொஞ்சமும் கூச்சப்படாமல், "கோட்டுக்காரங்கள்ல கடைசி" என்றான். "ஆனா நடுவுல வயக்காட்டுல எறங்குன பயலுவ நெறய. அவனுவ கையில கோடு இல்ல. அவனுவ எல்லாம் எனக்குப் பின்னாலதான?"

இதை நான் எங்கும் படித்ததில்லை, எந்த ஓட்டக் குழுவிலும் யாரும் சொன்னதில்லை. முடித்தாலே போதும் என்று ஒரு கட்சி, எத்தனாவது என்று ஒரு கட்சி. இரண்டுக்கும் நடுவில் நான் இத்தனை நாள் அல்லாடிக்கொண்டிருந்தேன். அவனுக்கு அப்படி இரண்டு கட்சியே இல்லை. கோடு இருந்தால்தான் வரிசையில் இடம். இடம் எதுவாக இருந்தாலும் இறங்கிப் போனவனுக்கு முன்னால்தான். பெரிய மாரத்தான்களிலும் நடப்பது இதுதான். நம்பர் அட்டைக்குப் பின்னால் ஒரு மின்னணுச் சில்லு ஒட்டியிருப்பார்கள். வழியில் அங்கங்கே, முக்கியமாகத் திரும்புகிற இடத்தில், ரோட்டில் ஒரு பாய் விரித்திருக்கும். அதை மிதித்துப் போகும்போது பீப் என்று ஒரு சத்தம், சில்லு பதிவாகிவிட்டது என்று அர்த்தம். நடுவில் ஒரு பாயைத் தவறவிட்டுக் கடைசிப் பாயில் மட்டும் வந்து நின்றால் முடிவுப் பட்டியலில் சிக்கல்தான். மும்பையிலும் அவர்கள் கோடுதான் போடுகிறார்கள், மையில்லாமல்.

அதற்கப்புறம் டீக்கடையில் நான் மழுப்புவதில்லை. நாலாயிரத்துச் சொச்சம் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆச்சரியம் என்னவென்றால், எண்ணைச் சொன்ன பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. எத்தனை பேரில்? பாதியில் நின்றவர்கள் எத்தனை? முதலில் வந்தவன் எந்த ஊர்? மும்பையில் 2023-ல் எத்தியோப்பியாவின் ஹைலே லெமி 2 மணி 7 நிமிஷம் 32 நொடியில் ஓடியதை ஸ்டேடியப் பையன்களிடம் சொன்னேன். ஒருவன் உடனே போனை எடுத்துக் கணக்குப் போட்டான்: 1500 மீட்டரை நாலரை நிமிஷத்தில், அப்படி 28 தடவை, நடுவில் மூச்சு வாங்காமல். ஏழு நிமிஷத்துக்கு நாக்குத் தள்ளுகிற கூட்டம் அப்படியே வாயடைத்துப் போனது. ஷிவ்நாத் சிங்கைப் பற்றியும் சொன்னேன். பீகாரில் பிறந்த ராணுவ வீரர், 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடியதை நாற்பது வருஷத்துக்கு மேல் எந்த இந்தியனும் தொடவில்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் அவர் வந்தது பதினொன்றாவது. "பதினொண்ணா? பரவால்லியே" என்றான் ஒருவன். பரவாயில்லையாம்! உலகத்தில் பதினொன்றாவது என்பது அவனுக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது.

போன மாதம் அந்தக் கிராமத்துச் சங்கத்தில் என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முடிக்கிற எல்லோருக்கும் ஒரு பதக்கம் கொடுத்தால் என்ன என்று பேச்சுவாக்கில் கேட்டேன். தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாருக்கும் குடுத்தா அது பரிசா அண்ணாச்சி, பிரசாதமா?" கூட்டமே சிரித்தது. எனக்கும் அதற்கு மேல் வாதாடத் தோன்றவில்லை, அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. கடைசியில் பேரம் பேசி முடிந்தது இதுதான்: மூன்றோடு நிறுத்தாமல் பத்தாவது வரைக்கும் பரிசு, நாலிலிருந்து பத்து வரை என் செலவு. கோடு உள்ள அத்தனை பேருடைய பேரும் வரிசைப்படி கோயில் வாசல் கரும்பலகையில் எழுதிப்போட வேண்டும் என்று இன்னொன்றும் கேட்டேன். "கடைசிப் பய வார வரைக்கும் ஆரு உக்காந்திருக்க? நீங்களே இருந்து எழுதுங்க" என்று அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பிஸ்கட்டை மட்டும் கூட ரெண்டு பெட்டி வாங்குவதாகப் பொருளாளர் ஒத்துக்கொண்டார்.

நேற்று டவுனில் ரத வீதிப் பாத்திரக் கடைக்குப் போய் வாளிக்கு விலை கேட்டேன். பத்து லிட்டர் வாளி நம் கணக்குக்குக் கட்டுப்படியாகாது, ஐந்து லிட்டர்தான். எந்த வீட்டு விசேஷம், என்ன பேர் வெட்டணும் என்று கடைக்காரர் கேட்டார். யார் வாங்குவார்கள் என்றே தெரியாது, 'நான்காம் பரிசு' என்று தொடங்கி 'பத்தாம் பரிசு' வரை வெட்டினால் போதும் என்றேன். எழுதிய பேனாவை நிறுத்திவிட்டு, "பத்து வரைக்குமா?" என்று இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். முன்பணம் கொடுத்துவிட்டேன். மார்கழி பிறந்து ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.